எம்.ஆர்.ஐ. மூலம் சிறுநீர்ப்பையின் மெய்நிகர் பரிசோதனை: திருகோணமலை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சலத்தோடு இரத்தம் போனவர்களும், சிறுநீர்ப்பையிலிருந்து கட்டி அகற்றப்பட்டுத் தொடர்ந்து கிளினிக்குக்குப் போய்வருபவர்களும் வைத்தியரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குழாய் விடாமல், ஸ்கேன் எடுத்தே உள்ளே பார்க்க முடியாதா?" ஓரளவுக்கு முடியும். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதையும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போவதற்கு முன் எமது மாவட்டத்தவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை எவை என்பதையும் இங்கே விளக்கியுள்ளோம்.

மெய்நிகர் சிறுநீர்ப்பைப் பரிசோதனை என்றால் என்ன?

வழமையான பரிசோதனையில், சலம் வரும் வழியினூடாக மெல்லிய குழாய்க் கெமரா ஒன்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பையின் உட்சுவரை வைத்தியர் நேரடியாகப் பார்க்கிறார். ஜெர்மானிய வைத்தியரான மக்சிமிலியன் நிட்சே 1877 இல் அதற்கான முதற் கருவியைச் செய்துகாட்டினார். கருவி எவ்வளவோ மாறிவிட்டாலும் அடிப்படை முறை மாறவில்லை. மெய்நிகர் பரிசோதனையில் சலவழியினூடாகக் கெமரா எதுவும் செலுத்தப்படுவதில்லை. இடுப்புப் பகுதியை மெல்லிய கீற்றுகளாகப் படமெடுத்து, வெட்டிய பாண் துண்டுகளை மறுபடி அடுக்கி முழுப் பாணாக்குவதைப் போல அவற்றைக் கணினியில் ஒன்றுசேர்க்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் முப்பரிமாண வடிவத்தின் உள்ளே கண்ணை வைத்துப் பார்ப்பதற்குச் சமமான காட்சியைக் கணினி உருவாக்குகிறது. வைத்தியர் சுட்டியை நகர்த்தி, சிறுநீர்ப்பையின் கூரையிலிருந்து கழுத்துவரை எந்தக் கோணத்திலிருந்தும் உட்சுவரைப் பார்த்துச் செல்லலாம்.

இம்முறை முதலில், எக்ஸ்றே கதிரைப் பயன்படுத்தும் சி.டி. ஸ்கேனைக் கொண்டே முயலப்பட்டது. 1996 இல் அமெரிக்கக் கதிரியல் நிபுணர் டேவிட் வைனிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைப் பற்றி எழுதினார்கள். எம்.ஆர்.ஐ. வழியை வளர்த்தெடுத்ததில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. போல் லோட்டர்பர் 1973 இல் உலகின் முதல் காந்தப் பரிவுப் படத்தை வெளியிட்டதும் அதே வளாகத்தில் இருந்தபோதுதான். பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2003 இல்.

எக்ஸ்றே கதிர் இல்லாமல் எப்படிப் படம் வருகிறது?

எமது உடலின் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் வலிமையான காந்தப்புலத்தில் ஒரு திசைக்கு ஒழுங்குபடுகின்றன. 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) இயந்திரமாயின், ஏறத்தாழ 64 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள வானொலி அலையை ஒரு கணம் செலுத்தினால் அவை அந்த ஒழுங்கிலிருந்து விலகி, அலை நின்றதும் மெல்ல மீள்கின்றன. மீளும்போது அவை வெளிவிடும் நலிந்த சமிக்ஞையே படமாகிறது. சலத்திலுள்ள நீர் மீளும் வேகம் ஒன்று, தசையிலுள்ள நீர் மீளும் வேகம் இன்னொன்று, கொழுப்பினுடையது வேறொன்று. இந்த வேறுபாடுதான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. அயனாக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை என்பதால், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டிய சிறுநீர்ப்பை நோயாளிகளுக்கு இது சி.டி. ஸ்கேனைவிடப் பொருத்தமாகப்படுவது இயல்பே.

சலம் நிறைந்த நிலையில் வரச் சொல்வது ஏன்?

இந்தப் பரிசோதனையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இயந்திரத்தின் விலையில் இல்லை, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும் அளவில்தான் இருக்கிறது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வெறுமையான சிறுநீர்ப்பை சுருங்கி, சுவர் மடிந்து, 5 மில்லிமீற்றர் அளவுக்குத் தடித்துக் காணப்படும். மடிப்பு எது, கட்டி எது என்று அந்த நிலையில் பிரித்தறிவது கடினம். நிறைந்ததும் சுவர் விரிந்து ஏறத்தாழ 3 மில்லிமீற்றராக மெலிகிறது. அப்போது சுவரிலிருந்து உள்நோக்கி எழும் எதுவும் தனித்துத் தெரியும். சுவரைப் படத்தில் பிரித்துக் காட்டும் இயற்கையான மாறுபாட்டுப் பொருளாக இங்கு சலமே அமைகிறது. டி2 எனப்படும் படவகையில் சலம் வெண்மையாக ஒளிரும், தசைச்சுவர் கருங்கோடாகத் தெரியும், கட்டி இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தில் இருக்கும். டி1 வகையில் சலம் கறுப்பு, சுவர் அதைவிட வெளிச்சம். சலத்துக்கும் சுவருக்கும் இடையிலான எல்லையைக் கணினி எவ்வளவு துல்லியமாகப் பிடிக்கிறதோ, மெய்நிகர் காட்சியும் அவ்வளவு துல்லியமாக அமையும்.

அளவு மிஞ்சினாலும் நல்லதல்ல. அவசரம் தாங்க முடியாதவர் அசைவார், அசைந்தால் படம் கலங்கும். மிகையாக விரிந்த சுவரில் தட்டையான சிறு மாற்றங்கள் மறைந்தும் போகலாம். ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் சலம் இருக்கும் நிலையையே கதிரியல் பிரிவினர் பொதுவாக விரும்புகிறார்கள். அதற்காக, ஸ்கேனுக்கு ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலங்களுக்கு முன் சலம் கழித்துவிட்டு அதன்பின் போகாமல் இருக்கும்படியோ, அரை மணித்தியாலத்துக்கு முன் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும்படியோ சொல்லுவார்கள். நிறைய நீர் குடித்தவரின் சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 10 மில்லிலீற்றர் வரை கூடச் சலத்தை உண்டாக்கக்கூடும். சில நிமிடங்கள் நீடிக்கும் ஒரே தொடர்ப்படத்தின் தொடக்கத்தில் இருந்த சிறுநீர்ப்பை அதன் முடிவில் இருப்பதில்லை. ஆகவே, கூடக் குடித்தால் கூடத் தெளிவு என்று எண்ணி இரண்டு போத்தல்களைக் காலியாக்க வேண்டாம்.

சில இடங்களில், நிறைந்த நிலையில் ஒருமுறை எடுத்துவிட்டு, சிறிதளவு சலம் கழிக்கச் செய்து மறுபடியும் எடுப்பார்கள். ஒட்டாமல் கிடக்கும் இரத்தக்கட்டி இடம் மாறும், சுவரிலிருந்து முளைத்த கட்டி மாறாது. இயல்பான சுவர் தடிக்கும், நோயுற்று விறைத்த பகுதி அப்படியே இருக்கும். மறுமுறையும் படுக்கச் சொன்னால் முதற்படம் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

தூரத்துக்குப் போய் ஸ்கேன் எடுப்பவர்கள் தண்ணீரை எப்போது குடிப்பது?

கண்டிக்கோ கொழும்புக்கோ போகும்படி கடிதம் கிடைத்தவர்கள், கந்தளாய் தாண்டும்போதே குடிக்கத் தொடங்கி, ஹபரணையில் இறங்கிச் சலம் கழித்து, தம்புள்ளையில் மீண்டும் குடித்து என்று வழியெல்லாம் அவதிப்படுவது தேவையற்றது. பயணத்தில் வழமைபோல் நீர் அருந்துங்கள், சலம் வந்தால் கழியுங்கள். ஸ்கேன் பிரிவில் பெயரைப் பதிந்து, எத்தனை மணிக்கு உங்கள் முறை வரும் என்று கேட்டறிந்த பின்னரே ஆயத்தத்தைத் தொடங்குங்கள். அவசர நோயாளி ஒருவர் இடையில் வந்து உங்கள் முறை தள்ளிப்போனால், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் அங்கிருக்கும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். கழித்துவிட்டு மறுபடி நிரப்ப அரை மணித்தியாலம் போதும்.

புரஸ்தகி (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கத்தால் சலம் தடைப்படுபவர்கள் முன்கூட்டியே அதைத் தெரிவிக்க வேண்டும். அவர்களைக் கண்டபடி நிரப்பச் சொல்வது முற்றாக அடைபட்டுப்போகும் நிலைக்குக் கொண்டுபோய் விடலாம். சலக்குழாய் ஏற்கெனவே போடப்பட்டவர்களுக்கு, வைத்தியரின் பணிப்பின் பேரில் குழாயைச் சிறிது நேரம் அடைத்து வைப்பார்கள்.

உடம்பில் செல் துண்டு இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

திருகோணமலையில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். யுத்த காலத்தில், குறிப்பாக 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் காயப்பட்டவர்களிற் பலர் இன்றும் செல் துண்டுகளையும் சன்னங்களையும் உடம்பில் சுமந்தபடியே வாழ்கிறார்கள். எடுத்தால் கூடுதல் சேதம் வரும் என்று அன்று விட்டுவிடப்பட்ட துண்டு, இன்று நோவே இல்லாததால் நினைவிலும் இல்லாமற் போயிருக்கும். ஸ்கேன் பிரிவில் தரும் படிவத்தில் "உடலில் உலோகம் உள்ளதா" என்று கேட்டால், எலும்புக்கு வைக்கும் பிளேட்டையும் ஸ்குருவையும் மட்டுமே கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

செல் துண்டுகள் பெரும்பாலும் உருக்கு. எம்.ஆர்.ஐ. காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையானது. அதன் கம்பிச்சுருள்கள் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 பாகை செல்சியஸ் அளவில் குளிர்விக்கப்பட்டிருக்கும். படம் எடுக்காத நேரத்திலும் காந்தம் ஓய்வதில்லை. உருக்குத் துண்டு அந்தப் புலத்தில் திரும்பவோ இழுபடவோ முயலும். ஆண்டுக்கணக்காகத் தொடைத் தசையில் கிடந்து, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து இறுகிய துண்டு பொதுவாக நகராது. கண்ணுக்குள், மூளையில், முள்ளந்தண்டு வடத்தின் அருகே, பெரிய இரத்தக்குழாயின் பக்கத்தில் இருக்கும் துண்டின் கதை வேறு: ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலே பார்வையோ உயிரோ போகலாம். சன்னங்களில் ஈயமும் செம்பும் காந்தத்துக்கு இழுபடுவதில்லை என்றாலும், உள்ளே உருக்குக் கரு கொண்டவையும் இருப்பதால், "சன்னம்தானே" என்று யாரும் ஆறுதல் கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். காயம் பட்ட இடம், காலம், அப்போது எந்த வைத்தியசாலையில் பார்த்தார்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். பழைய டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்றே எது இருந்தாலும் கொண்டுபோங்கள், மங்கிப்போயிருந்தாலும் பரவாயில்லை. எதுவும் இல்லையெனில் சாதாரண எக்ஸ்றே ஒன்றே துண்டு எங்கே இருக்கிறதென்று காட்டிவிடும், அதைப் பார்த்துக் கதிரியல் நிபுணர் முடிவெடுப்பார். துண்டு இடுப்புப் பகுதியிலேயே இருந்தால், ஆபத்து இல்லாவிட்டாலும் பயனும் குறைவு. உலோகத்தைச் சுற்றிய பகுதி படத்தில் கறுத்தும் கோணலாகியும் சிறுநீர்ப்பைச் சுவரை மறைத்துவிடும், அவர்களுக்குக் குழாய்க் கெமராவே சரியான வழி.

துறைமுகத்திலும் வெல்டிங் கடைகளிலும் இரும்பு அராவி வேலை செய்தவர்கள், கண்ணில் இரும்புத்தூள் பட்டு எடுத்த அனுபவம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். செயற்கைக்கால் அணிந்தவர்கள் அதை வெளியே கழற்றி வைத்துவிட்டு, வைத்தியசாலையார் தரும் காந்தத்துக்கு இழுபடாத சக்கர நாற்காலியில் உள்ளே போக வேண்டும்.

தாலிக்கொடி, மெட்டி, தாயத்து?

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போவதே நல்லது. பொன் காந்தத்துக்கு இழுபடாது என்பது உண்மைதான். ஆயினும் கொடியில் கோர்த்த ஊக்கோ கொக்கியோ இரும்பாக இருக்கலாம், வளையமான உலோகம் சூடேறவும் செய்யும். தாயத்துக்குள் இருக்கும் தகடு எந்த உலோகமென்று அணிந்திருப்பவருக்கே தெரியாது. இறுகிக் கழற்ற முடியாத மெட்டியைப் பற்றி ஊழியரிடம் சொன்னால் வழி சொல்வார்கள். பேஸ்மேக்கர், காது உள்வைப்பு, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப் ஆகியவை இருந்தால், அவற்றின் அட்டையைக் காட்டாமல் அறை வாசலையே தாண்டக் கூடாது. செம்பு லூப் போட்ட பெண்கள் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை, படிவத்தில் குறிப்பிட்டால் போதும்.

ஊசி மருந்து ஏற்றுவார்களா? சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது தீங்காகுமா?

உட்சுவரின் வடிவத்தை மட்டும் பார்ப்பதற்கு ஊசி மருந்து தேவையில்லை. டி2 படத்தில் சலமே போதிய வெளிச்சம் தருகிறது. கட்டி இருக்கிறதென்று தெரிந்து, அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அறிய வேண்டியபோதுதான் கடோலினியம் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றி, கட்டியும் தசையும் அதை உறிஞ்சும் வேகத்தைப் பார்க்கிறார்கள்.

பதவி சிறிபுர போன்ற எமது மாவட்டத்தின் உட்பகுதிகளிலும், அயலிலுள்ள வடமத்திய மாகாணத்திலும், காரணம் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டி வருவது எல்லோரும் அறிந்ததே. சீனி வருத்தத்தாலும் பிரஷராலும் சிறுநீரகம் பழுதானவர்கள் நகரத்திலும் குறைவில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குப் பழைய வகைக் கடோலினியம் மருந்துகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் அரிதான, ஆனால் கொடிய நோயைத் தரக்கூடும் என்பது 2006 இல் வெளிச்சத்துக்கு வந்தது. இ.ஜி.எஃப்.ஆர். எனப்படும் வடிகட்டும் திறன் 30க்குக் கீழே உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் எடுக்கிறார்கள். இன்று பெரிதும் பயன்படும் உறுதியான கட்டமைப்புள்ள மருந்துகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. எப்படியாயினும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினின் இரத்தப் பரிசோதனையின் அண்மைய ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக இம்மருந்து கொடுக்கப்படுவதில்லை.

குடல் அசைவையும் சிறுநீர்ப்பைச் சுருக்கத்தையும் சற்றுநேரம் அடக்குவதற்காக ஹையோசின் பியூட்டைல்புரோமைட் என்னும் வேறோர் ஊசியும் போடப்படலாம். கண் அழுத்த நோய், இருதயத் துடிப்பு வேகம், சலத் தடை ஆகியவை உள்ளவர்கள் முன்னரே சொல்ல வேண்டும்.

அப்படியானால் குழாய்க் கெமராப் பரிசோதனை இனித் தேவையில்லையா?

தேவை. வீணான எதிர்பார்ப்பு பிறப்பது இந்த இடத்தில்தான் என்பதால், ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்.

மெய்நிகர் காட்சியில் தெரியும் நிறம் கணினி பூசியது. உட்சுவரின் உண்மையான நிறம் எம்.ஆர்.ஐ.க்குத் தெரியாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் தட்டையாகப் படரும் ஒரு வகை உண்டு. அது மேலெழும்பாமல், சிவந்த வெல்வெட்டுத் துணித் துண்டு போன்ற திட்டாக மட்டுமே இருக்கும், ஆனால் இயல்பில் தீவிரமானது. வடிவத்தை மட்டும் பார்க்கும் எந்த ஸ்கேனும் அதைத் தவறவிடும். 5 மில்லிமீற்றருக்கும் சிறிய கட்டிகளும் தப்பிப்போகலாம். யாவற்றுக்கும் மேலாக, சந்தேகமான இடத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் கை ஸ்கேனுக்கு இல்லை. மெய்நிகர்ப் பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால், எப்படியும் குழாய்க் கெமராதான் அடுத்த படி.

வளையும் குழாயைக் கொண்டு செய்யும் பரிசோதனை பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. மரக்கப்பண்ணும் ஜெல்லைச் செலுத்தி, சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். ஓரிரு நாள் எரிவும், சிறிது இரத்தமும், சிலருக்குக் கிருமித்தொற்றும் வரலாம். இவை உண்மையான சிரமங்களே. ஆனாலும், "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்ற ஒரு வரியை நம்பிக் கெமராப் பரிசோதனையைத் தட்டிக்கழிப்பதைவிட இந்தச் சிரமம் எவ்வளவோ சிறியது என்பதே எமது துணிபு.

பின் எதற்காக இந்த எம்.ஆர்.ஐ.?

கெமரா காண்பது மேற்பரப்பை மட்டும், சுவருக்குள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சிகிச்சையைத் தீர்மானிப்பதோ ஆழம்தான். கட்டி தசைக்கு இறங்காதிருந்தால் குழாய் வழியே சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. என்னும் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து செலுத்தித் தொடர்ந்து கவனிப்பார்கள். தசைக்கு இறங்கியிருந்தால் சிறுநீர்ப்பையையே அகற்றுவதா, கதிர்ச் சிகிச்சையா, அதற்குமுன் மருந்துச் சிகிச்சையா என்று பேச வேண்டிவரும். டி2 படத்தில் தசை ஒரு கருங்கோடாகத் தெரியும் என்று மேலே சொன்னோம் அல்லவா? அந்தக் கோடு கட்டியின் அடியில் அறாமல் ஓடுகிறதா, இடையில் அறுந்திருக்கிறதா என்பதைப் பார்த்தே நிபுணர் கருத்துச் சொல்கிறார்.

இதை எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதற்காக 2018 இல் வை-ராட்ஸ் என்னும் ஐந்து படி மதிப்பீடு வெளியானது. உங்கள் ரிப்போர்ட்டில் 1 அல்லது 2 என்றிருந்தால் தசை பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு, 4 அல்லது 5 என்றால் அதிகம், 3 என்பது முடிவு சொல்ல இயலாத நிலை. இது ஊகத்தின் அளவே தவிர இறுதி முடிவு அல்ல. துணுக்குப் பரிசோதனைக்கே கடைசிச் சொல் உரியது. ஆயினும் நேரம் மிச்சமாகிறது: பிரித்தானியாவில் 143 பேரைக் கொண்டு நடந்த பிளாடர்பாத் ஆய்வில், தசைக்கு இறங்கிய புற்றுநோய் உள்ளவர்களுக்கு, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்ததால் உரிய சிகிச்சை தொடங்குவதற்கு எடுத்த காலத்தின் நடுப்பெறுமானம் (மீடியன்) 98 நாட்களிலிருந்து 53 நாட்களாகக் குறைந்தது.

மெய்நிகர்க் காட்சி கைகொடுக்கும் வேறு சந்தர்ப்பங்களும் உள்ளன. சலவழி இறுகிக் குழாய் நுழைய முடியாதவர்கள், அண்மையில் சலவழியில் காயமோ சத்திரசிகிச்சையோ கண்டவர்கள், ஒடுங்கிய வாயுள்ள பக்கப்பை சிறுநீர்ப்பையில் உண்டாகியிருப்பவர்கள் ஆகியோருக்கு இது உதவும். அந்தப் பக்கப்பைக்குள் கெமரா நுழையாத இடத்திலும் ஸ்கேன் நுழைந்து பார்க்கும். முன்பக்கச் சுவரும் சிறுநீர்ப்பைக் கழுத்தும் விறைத்த குழாய்க்கு வசப்படாத மூலைகள், மெய்நிகர்க் காட்சிக்கு மூலை என்று ஒன்றில்லை.

கணினியில் சுற்றிக்காட்டும் அந்த வீடியோவைப் பார்த்தா ரிப்போர்ட் எழுதுகிறார்கள்?

அதை மட்டும் பார்த்து எழுதுவதில்லை. கண்ணைக் கவரும் அந்தப் பயணக் காட்சி, சந்தேகத்துக்குரிய இடத்தைச் சுட்டிக்காட்டவும், சத்திரசிகிச்சை நிபுணருக்கு இடத்தை விளக்கவும் பயன்படுகிறது. கதிரியல் நிபுணர் எப்போதும் மூலக் கீற்றுப் படங்களுக்கே திரும்பிப் போவார், ஏனென்றால் மேற்பரப்பில் தெரியும் எல்லா மேடும் கட்டி அல்ல. சிறுநீரகத்திலிருந்து வரும் சலம் சிறுநீர்ப்பைக்குள் பீச்சியடிக்கும் இடத்தில், ஓட்டத்தால் சமிக்ஞை குறைந்து, இல்லாத ஒரு கரும் உருவம் தோன்றும். கொழுப்பும் நீரும் சந்திக்கும் எல்லையில் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கச் சுவர் மெலிந்தும் பொய்யாகத் தெரியும். கடோலினியம் கலந்த சலம் கனமானதாகையால் மல்லாந்து படுத்திருப்பவரின் பின்சுவரோரம் படிந்து, படத்தில் அடுக்கடுக்காகக் காணப்படும். வீடியோவை மட்டும் பார்ப்பவர் இவற்றையெல்லாம் நோயென்று எண்ணிவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்த சீடியை மகனின் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெடுவதில் பயன் இல்லை.

கல் இருந்தால் தெரியுமா?

பெரிய கல், ஒளிரும் சலத்துக்கு நடுவே கறுத்த இடைவெளியாகத் தெரியும். சிறிய கல்லுக்கு எம்.ஆர்.ஐ. ஏற்றதல்ல. அதற்கு அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் இருக்கின்றன.

சலத்தில் ஒருமுறை இரத்தம் போனது, பின் நின்றுவிட்டது. எம்.ஆர்.ஐ. முறை வரும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். நோவில்லாமல் வந்து, தானாகவே நின்றுவிடும் இரத்தம்தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வழமையான முதல் அறிகுறி. நோவில்லாததால் "சூடு" என்று சொல்லி இளநீரும் வெந்தயத் தண்ணீரும் குடித்துவிட்டு, இரத்தம் நின்றதும் அவற்றாலேயே நின்றதென்று நம்பிவிடுகிறோம். இரத்தம் நிற்பது அந்த நோயின் இயல்பு, அது மறுபடி வருவதற்கு மாதங்கள் ஆகலாம். கல், கிருமித்தொற்று, புரஸ்தகி ஆகியவற்றாலும் இரத்தம் போகும் என்பது மெய்யே, ஆனால் எது காரணமென்று பரிசோதிக்காமல் தெரியாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், மாத்திரையின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. பெண்கள், மாதவிடாய் நாட்களின் கலப்பா என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளலாம், மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த ஐயத்துக்கே இடமில்லை.

சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றைப் புகைத்தவர்கள், விட்டு நெடுங்காலமாகியிருந்தாலும், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைத்தலே காரணம். சலப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், குழாய்க் கெமரா ஆகியவைதான் இங்கு முதல் வரிசை. எம்.ஆர்.ஐ. இரண்டாம் வரிசையில் நிற்பது.

கட்டி சுரண்டி எடுத்த பிறகு எவ்வளவு காலம் கழித்து ஸ்கேன் எடுக்க வேண்டும்?

ஆழம் அறியும் நோக்கமாயின், சுரண்டுவதற்கு முன் எடுப்பதே சிறப்பு. சுரண்டிய இடத்தின் வீக்கமும் இரத்தக்கசிவும் படத்தில் கட்டியைப் போலவே நடிக்கும். முன்னர் எடுக்கத் தவறியிருந்தால், குறைந்தது இரண்டு வாரங்களாவது பொறுக்க வேண்டும். பி.சி.ஜி. ஏற்றியவர்களுக்கும் அதே இடைவெளி.

தசைக்கு இறங்காத கட்டிகள், எடுத்த பின்னரும் பாதிப்பேருக்கு மேல் மீண்டும் வரக்கூடியவை. அதனால்தான் முதல் மீள்பரிசோதனையை மூன்று மாதத்தில் வைக்கிறார்கள். அந்தக் கெமராப் பரிசோதனைகளுக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுத்துத் தரும்படி கேட்பவர்களுக்கு, மேலே சொன்ன தட்டையான நோயும் சிறு கட்டிகளும்தான் மறுமொழி.

குழாய் போன்ற இயந்திரத்துக்குள் மூச்சு முட்டுமே?

இடுப்புப் படமாகையால் கால்கள் முதலில் உள்ளே போக, தலை வாயிலருகே இருக்கும்படி படுக்கவைப்பது பல இடங்களில் சாத்தியம், கேட்டுப் பாருங்கள். சத்தம் கடுமையாக இருக்கும், காதடைப்பான் தருவார்கள். அரை மணி முதல் முக்கால் மணித்தியாலம் அசையாமல் இருக்க வேண்டும். கையில் தரும் பந்தை அமுக்கினால் உடனே வெளியே எடுப்பார்கள்.

திருகோணமலையில் எங்கிருந்து தொடங்குவது?

எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தைத் தேடித் தொடங்க வேண்டாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை என்று எங்கிருந்தாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, யூரோலொஜி கிளினிக் உள்ள வேறு வைத்தியசாலைக்கோ கடிதம் பெறுவதே ஒழுங்கு. எம்.ஆர்.ஐ. தேவையா, தேவையென்றால் எங்கே, ஊசி மருந்துடனா இல்லாமலா என்பதை நிபுணர் எழுதித் தருவார். தனியாரிடம் பணம் கட்டி முந்திக்கொண்டு எடுத்த படத்தில், நிபுணருக்கு வேண்டிய படவகை இல்லாமற் போய், இரண்டாம் தடவை எடுக்க நேர்வதும் உண்டு. கடிதத்தில் என்ன கேட்கப்பட்டிருக்கிறதோ அதை ஸ்கேன் பிரிவில் காட்டுங்கள். கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன் சீடிகள், கிரியட்டினின் ரிப்போர்ட், உடம்பிலுள்ள உலோகங்களைப் பற்றிய தாள்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோன்பு காலத்தில் திகதி விழுந்தால்?

சிறுநீர்ப்பையை நிரப்புவதற்குத் தண்ணீர் ஒன்றே வழியல்ல. அதிகாலையில் சஹருக்கு அருந்திய நீரே, கூடுதல் நேரம் கழிக்காமல் இருந்தால், காலை வேளையில் போதியளவு நிரப்பிவிடும். எனவே நோன்பாளிகள் காலை நேரத்தைக் கேட்டு வாங்கலாம். பின்னேரம்தான் கிடைக்கிறது என்றாலோ, சிறுநீரக நோய்க்காக நீர் குறையக் கூடாதென்று வைத்தியர் ஏற்கெனவே சொல்லியிருந்தாலோ, திகதியை நோன்புக்குப் பின் மாற்ற முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். சலத்தில் இரத்தம் போய்க்கொண்டிருப்பவர்கள் மட்டும் திகதியைத் தள்ளக் கூடாது. அவர்கள் வைத்தியர் சொல்லும் நாளிலேயே போய் எடுத்துவிட வேண்டும்.